தறி யாருடையது?

சேலம் அம்மாபேட்டையில், சொந்தமாகக் கணினி விளையாட்டு உருவாக்க நினைக்கும் இளைஞர்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்



வீடியோ கேம் பற்றிப் பேசக் கூப்பிட்ட இடத்தில் பரணைப் பற்றிப் பேச்செடுத்தால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் ஜக்கார்டு தறி ஓடிய வீடுகளில் பரணிலோ தறிக்குழியை ஒட்டிய மூலையிலோ, ஓட்டை போட்ட அட்டைகளைக் கயிற்றில் கோத்துச் சுருட்டிக் கட்டிய மூட்டை ஒன்று தூசி படிந்து கிடக்கும். எலி கடித்ததுபோக மிச்சமிருக்கும் அந்த மூட்டை ஒரு மென்பொருள். உவமைக்காகச் சொல்லவில்லை, உள்ளபடியே அது மென்பொருள்தான்.

ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி எழும்பிப் பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் நூல் கிடந்தபடி கிடக்கும். தூக்கு, தூக்காதே. இந்த இரண்டு கட்டளைகளில்தான் மயிலும் மாங்காயும் அன்னமும் முந்தானையில் வந்து உட்கார்ந்தன. பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மேரி ஜக்கார்டு இந்தப் பொறியை 1804இல் அமைத்தார். கணக்குப் போடும் பொறி ஒன்றைத் திட்டமிட்ட சார்லஸ் பாபேஜ், அதற்குக் கட்டளை கொடுக்க நெசவாளரின் அட்டையைத்தான் கடன் வாங்கினார். 1843இல் அந்தப் பொறியைப் பற்றிக் குறிப்பெழுதிய ஏடா லவ்லேஸ், படிப்பவருக்கு விளங்க வேண்டுமே என்று துணைக்கு அழைத்ததும் ஜக்கார்டு தறியைத்தான்.

அட்டைக்கும் முன்னால் கிராஃப் தாள் இருக்கிறது. டிசைன் போடுபவர் கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்பிக்கொண்டே போவார். நெடுக்கில் ஒரு கட்டம் ஓர் ஊடை, குறுக்கில் ஒரு கட்டம் ஒரு பாவு நூல். வளைவு என்று அதில் எதுவும் கிடையாது, படிக்கட்டுதான். ஆனால் எட்டி நின்று பார்த்தால் மயிலின் கழுத்து வளைந்துதான் தெரியும். இதே வித்தையை இன்றைக்கு பிக்ஸல் ஆர்ட் என்கிறார்கள். 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டி, திரையை எட்டுக்கு எட்டு கட்டச் சதுரங்களாகத்தான் வரைந்தது. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் ரோஜாப்பூ வணக்கம் பல நேரம் அதைவிடப் பெரியது. அந்த இடநெருக்கடியில் மாரியோவை வரைந்தவர்கள் ஒரு வேலை செய்தார்கள்: வானத்து மேகமும் தரையில் நிற்கும் புதரும் ஒரே படம்தான், நிறம் மட்டும் மாறும். புட்டா ஒன்று, நூல் வேறு. உலகமே வியந்து பேசிய இந்தச் சிக்கனத்தைக் கேட்டால் இந்தத் தெருவில் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள்.

பெரியவர்கள் முன்வரிசையில் இருப்பதால் ஒன்றை இப்போதே பிரித்து வைத்துவிட வேண்டும். ‘கேம்’ என்ற சொல் தமிழ்நாட்டில் சில வருடங்களாகக் கெட்ட பெயர் எடுத்திருக்கிறது. இணைய ரம்மியில் வீட்டுப் பணத்தைத் தொலைத்தவர்களின் கதை இல்லாத ஊர் இல்லை. இணையச் சூதாட்டத்துக்கு எதிரான மாநிலச் சட்டம் 2023இல் ஒப்புதல் பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்தது. அதே சட்டம்தான் பணயம் இல்லாத விளையாட்டுகளைத் தனியாகப் பிரித்து, அவற்றை ஊக்குவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இன்று பேசப்போவது இந்த இரண்டாம் வகையைப் பற்றி. கதை எழுதுவது, படம் எடுப்பது போல இதுவும் ஒரு கலைத்தொழில். அவற்றைப் போலவே இதிலும் சம்பாதிப்பவர் சிலர், கையைச் சுட்டுக்கொள்பவர் பலர்.

சம்பாதித்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். அதன் பெயர் ‘வெண்பா’. 2023 ஜூலை 31இல் வெளியானது. கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. (விசைத்தறி ஊரில் அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.) அபி என்ற ஒற்றைப் பெயரால் அறியப்படும் தமிழ் இளைஞர் அதை வடிவமைத்தார். கதை 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போய்ச் சேர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் ஆகியோருடையது. வெண்பாவிடம் அவள் அம்மாவின் பழைய சமையல் குறிப்பேடு இருக்கிறது. சில பக்கம் கிழிந்திருக்கும், சில இடத்தில் எழுத்து அழிந்திருக்கும். ஆடுபவர் அந்த இடைவெளியை ஊகித்துச் சமைக்க வேண்டும். துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை, தோற்றுப்போவதும் இல்லை.

இட்லிக் கட்டத்தைப் பாருங்கள். தட்டுகளை எந்த வாகில் அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்பதுதான் புதிர். மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் ஓட்டைக்கு நேராக வந்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டில் எட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரியும். சியாட்டிலில் இருப்பவருக்கு அது மூளையைக் கசக்கும் விளையாட்டு. முழுக்கதையும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தச் சின்ன விளையாட்டு 2024 மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த சுயேச்சை விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசை வாங்கியது. அடுத்த மாதம் லண்டனில் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதும் வந்தது. இட்லித் தட்டை அடுக்கத் தெரிந்த அறிவை எந்த மென்பொருளும் விற்பதில்லை. அந்த ஒன்றை மட்டும் உருவாக்குபவர் தன் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். மற்ற எல்லாம் கடைச்சரக்கு.

அந்தக் கடைச்சரக்குக்குத்தான் இப்போது வருகிறோம்.

‘வெண்பா’வை நெய்த தறியின் பெயர் யூனிட்டி. தொழிலில் இதை எஞ்சின் என்பார்கள். படம் நகர்வது, சத்தம் வருவது, பந்து சுவரில் பட்டுத் திரும்புவது, விரல் பட்டதும் கதவு திறப்பது என்று எல்லா விளையாட்டுக்கும் பொதுவான வேலைகளை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் மென்பொருள் அது. பத்துப் பதினைந்து வருடமாக உலகின் சிறு குழுக்களில் பெரும்பகுதி இந்தத் தறியில்தான் நெய்தது. கற்றுக்கொள்ள இலவசம், தொழில் பெருகினால் கட்டணம் என்பது ஏற்பாடு.

‘வெண்பா’ வெளியாகி 43ஆம் நாள், 2023 செப்டம்பர் 12இல், யூனிட்டி நிறுவனம் ஓர் அறிவிப்பு விட்டது. குறிப்பிட்ட வருமானத்தையும் நிறுவல் எண்ணிக்கையையும் தாண்டிய விளையாட்டை இனி யார் புதிதாகத் தம் கருவியில் ஏற்றினாலும், ஒவ்வொரு தடவைக்கும் உருவாக்கியவர் தொகை கட்ட வேண்டும். இலவச உரிமத்தில் இருப்பவருக்கு 20 சென்ட் வரை. ஏற்கெனவே வெளியாகிவிட்ட விளையாட்டுக்கும் இது பொருந்தும். கூலிக்கு நெய்தவருக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும். தறி வாடகை பேசி, கொடுத்து, சேலையும் விற்றாகிவிட்டது. இப்போது தறிக்காரர் வந்து, ‘அந்தச் சேலையை இனிமேல் எவள் பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்தாலும் எனக்குப் பதினைந்து ரூபாய் வை’ என்கிறார்.

பெரிய கூச்சல் எழுந்தது. பத்தே நாளில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விதியைத் தளர்த்தியது. அடுத்த மாதம் தலைமை நிர்வாகி ஜான் ரிச்சிட்டெல்லோ விலகினார். சரியாக ஒரு வருடம் கழித்து, 2024 செப்டம்பர் 12இல், அந்தக் கட்டணத்தையே கைவிட்டார்கள். இன்று இரண்டு லட்சம் டாலர் ஆண்டு வருமானம் வரை யூனிட்டி இலவசம். ஆனால் உருவாக்கியவர்கள் மனதில் விழுந்த கீறல் ஆறவில்லை. நாலு வருடம் உட்கார்ந்து நெய்யும் சேலைக்கு, பாதி வழியில் தறி வாடகை மாறக்கூடும் என்று தெரிந்துவிட்டது அல்லவா?

இது முதல் தடவையும் அல்ல. இங்கே இருப்பவர்களில் முப்பது வயதைத் தாண்டியவர்கள் பிரவுசிங் சென்டரில் மணிக்குப் பத்து, இருபது ரூபாய் கொடுத்து ஆடிய விளையாட்டுகளை நினைத்துப் பார்க்கட்டும். ஃபிளாஷ் என்ற ஒரே தொழில்நுட்பத்தின்மேல் நின்றவை அவை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது. இரண்டு வாரத்தில் உலாவிகளில் அது ஓடாமலே போயிற்று. ஒரு தலைமுறையின் விளையாட்டுகள் அப்படியே இருண்டன. ரஃபிள் என்ற திறமூலத் திட்டத்தில் தன்னார்வலர்கள் உழைத்து அவற்றில் பலவற்றை மறுபடி ஓட வைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் எவ்வளவோ பேர் தங்கள் மூலக்கோப்பைக்கூட வைத்திருக்கவில்லை.

அதனால்தான் கோடோ. ஆங்கில எழுத்தில் கோடாட் என்று வரும். பெக்கெட்டின் நாடகத்தில் கடைசிவரை வராத அந்த ஆளின் பெயர். அர்ஜென்டினாவின் ஹுவான் லினியெட்ஸ்கியும் ஆரியல் மன்சூரும் தங்கள் வேலைக்காகக் கட்டிய தறியை 2014இல் எம்.ஐ.டி. உரிமத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அந்த உரிமம் ஒரு பக்கத்துக்கும் குறைவு. எடு, மாற்று, விற்று வரும் காசை நீயே வைத்துக்கொள், எங்கள் உரிமக் குறிப்பை மட்டும் கூடவே வை என்பதுதான் சாரம். நாளைக்குக் கோடோ குழுவே கலைந்துபோனாலும், இன்று கையிலிருக்கும் பதிப்பை யாரும் திரும்பக் கேட்க முடியாது. யூனிட்டி அறிவிப்பு வந்து ஒரு வாரத்தில், டெராரியா விளையாட்டைச் செய்த ரீ-லாஜிக் நிறுவனம் கோடோவுக்கு ஒரு லட்சம் டாலர் நன்கொடை அனுப்பியது. நன்கொடையில் ஓடும் ஓர் அறக்கட்டளைதான் இன்று அதை நடத்துகிறது. கூட்டுறவு சங்கத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சங்கத்துக்கு உள்ள நல்லது கெட்டது இரண்டும் இதற்கு உண்டு.

கெட்டதையும் சொல்லத்தானே வேண்டும். பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் போன்ற பெட்டிகளில் விளையாட்டை ஓட்டும் நுட்பம் அந்தந்தக் கம்பெனிகளின் ரகசியம். ரகசிய ஒப்பந்தத்தில் வருவதைத் திறமூலத்தில் வைக்க முடியாது. ஆகவே கோடோவில் செய்த விளையாட்டைப் பெட்டிக்குக் கொண்டுபோக, பெரும்பாலும் அதற்கென்று இருக்கும் நிறுவனங்களை நாட வேண்டியிருக்கும். முப்பரிமாண ஜாலத்தில் அன்ரியல் எஞ்சின் இதைவிடப் பல படி மேலே. அதன் கணக்கும் வெளிப்படையானது: ஒரு விளையாட்டு பத்து லட்சம் டாலர் வசூலிக்கும்வரை எதுவும் வேண்டாம், தாண்டியபின் ஐந்து விழுக்காடு. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் அதில்தான் ‘ராஜி’யைச் செய்தது. 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் கேட்ட பணம் சேரவில்லை. பிறகு அன்ரியலின் சொந்தக்காரரான எபிக் நிறுவனமே மானியம் கொடுத்தது. ராஜஸ்தான் அரண்மனைகளும் நிழற்பாவைக் கூத்தும் கலந்த அந்த விளையாட்டு 2020இல் வெளிவந்தது. வாடகைத் தறி எப்போதும் வஞ்சிக்கும் என்று சொல்வதற்கில்லை. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் பாவு ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஊர்ப் பிள்ளைக்குக் கோடோவை முதலில் சொல்ல இன்னொரு காரணம் வீட்டிலிருக்கும் மடிக்கணினி. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ வந்த பெட்டியை இன்னும் துடைத்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அன்ரியலை ஏற்றினால் அது மூச்சுவிடவே திணறும். கோடோவை நிறுவக்கூட வேண்டியதில்லை. இறக்கி, சுட்டினால் திறந்துகொள்ளும் ஒற்றைக் கோப்பு. பழைய கிராஃபிக்ஸ் சில்லுக்கென்றே படம் வரையும் தனி முறை அதில் இருக்கிறது. மடிக்கணினியே இல்லையா? ஆண்ட்ராய்டு போனிலேயே ஓடும் கோடோ பதிப்பு 2022 முதல் இருக்கிறது. போன் திரையில் நிரல் எழுதுவது கண்ணுக்குத் தண்டனை. ஆனாலும் தொடங்குவதற்குத் தடை என்று ஒன்று மிச்சமில்லை. படம் வரைய கிரிட்டா, உருவம் செதுக்க பிளெண்டர், ஒலி வெட்ட ஆடாசிட்டி, எல்லாமே இலவசம். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய லாட்வியப் படம் ‘ஃப்ளோ’ பிளெண்டரில் செய்தது. கருவி சரியில்லை என்ற சாக்கு அன்றோடு முடிந்தது.

இனி தமிழுக்கே உரிய ஒரு தலைவலி. ‘சேலம்’ என்ற சொல்லைக் கணினி எப்படி வைத்திருக்கிறது தெரியுமா? ச, அதற்குப் பிறகு ஏகாரக் கொம்பு, பிறகு ல, பிறகு ம, கடைசியில் புள்ளி. யூனிகோடின் வரிசை ஒலியின் வரிசை. நாம் எழுதும்போதோ கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் சகரத்துக்கு வருகிறோம். கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கும் வேலையை எழுத்துருவும் வடிவமைப்பு நிரலும் சேர்ந்து செய்ய வேண்டும். அது செய்யப்படாத எஞ்சினில் கொம்பு சகரத்துக்குப் பின்னாலேயே நின்றுவிடும். படிப்பவர் கண்ணுக்கு அது அடுத்த லகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். சேலம் ‘சலேம்’ ஆகிவிடும். ‘கொலுசு’ இன்னும் மோசம். இரண்டு பக்கமும் அணைக்க வேண்டிய ஒகரம், நடுவில் புள்ளி வட்டம் ஒன்றை ஏந்திக்கொண்டு கடைக்கு வழிகேட்கும் ஆள் போல நிற்கும்.

ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் நூலகம் இந்த வேலையைச் செம்மையாகச் செய்கிறது. ஆண்ட்ராய்டு போனில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கே அதுதான் காரணம். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 அதை உள்ளேயே வைத்துக்கொண்டது. முந்தைய கோடோ 3இல் தமிழ் உடைந்துதான் தெரிந்தது. யூனிட்டியில் பல வருடம் எல்லாரும் பயன்படுத்திய எழுத்துக் கருவிக்கு இந்தத் திறன் இல்லை. எனவே தமிழ் விளையாட்டு செய்தவர்கள், கண்ணால் காணும் வரிசையிலேயே எழுத்தைச் சேமிக்கும் பாமினி காலத்து உத்திக்குத் திரும்ப வேண்டியிருந்தது. யூனிட்டி 6இல் ஹார்ஃப்பஸ்ஸைக் கொண்ட புதிய முறை வந்திருக்கிறது. எந்தத் தறி வாங்கலாம் என்று யோசிப்பவர்கள் முதல் நாள் செய்ய வேண்டிய சோதனை இதுதான்: திரையில் ‘சேலம்’ என்று எழுதிப் பாருங்கள்.

எழுத்து ஒழுங்காக வந்தாலும் இடம் போதாது. எட்டுக்கு எட்டு கட்டத்தில் ஆங்கிலம் சௌகரியமாக உட்காரும். ‘ணை’யை அதில் உட்கார வைத்துப் பாருங்கள். சுழிகளை எண்ணுவதற்குள் கட்டம் தீர்ந்துவிடும். பதினாறு கட்ட உயரமாவது இருந்தால்தான் ணகரத்துக்கும் னகரத்துக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நோட்டோ, கேட்டமரான், முக்த மலர் என்று கட்டணமில்லாத தமிழ் எழுத்துருக்கள் பல இருக்கின்றன, எல்லாம் வழவழப்பானவை. பிக்ஸல் விளையாட்டின் கரடுமுரடான திரையில் அவற்றை வைத்தால் பருத்திச் சேலைக்கு நைலான் பார்டர் தைத்தது போலிருக்கும். சேலையில் பெயர் நெய்து பழகிய கை, கிராஃப் தாளில் 247 எழுத்தையும் கட்டம் பார்த்துப் போட்டால் உலகத் தமிழ் விளையாட்டுகளுக்கெல்லாம் பயன்படும். 1960இலிருந்து இதே ஊரில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. டிசைன் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை.

எதிர்காலத் தொழில்நுட்பம் என்றதும் எல்லாரும் காத்திருப்பது செயற்கை நுண்ணறிவுக்கு. வருகிறோம். அதற்குமுன் சத்தம் போடாத ஒன்று.

ஒரு பொருளைச் சுற்றி நடந்து போனில் நூறு படம் எடுத்தால், அதை முப்பரிமாண உருவமாக மாற்றித் தரும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. எபிக் நிறுவனத்தின் ரியாலிட்டிஸ்கேன் அவற்றில் ஒன்று. ஒரே புள்ளியைப் பல படங்களில் அடையாளம் கண்டு, அது எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுவதுதான் உள்ளே நடக்கும் வேலை. உரல், அம்மி, கருங்கல் தூண் எல்லாம் அற்புதமாக வரும். சேலத்துக் கொலுசை வைத்தால் சொதப்பும். பளபளப்பு நாம் நகர நகரத் தானும் நகர்வதால், ஒரு படத்தில் கண்ட புள்ளி அடுத்த படத்தில் அங்கே இருக்காது. முகப்பவுடரை லேசாகத் தூவி மினுக்கத்தை அடக்கிவிட்டு எடுப்பது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். தறியில் ஏற்றிய பாவும் வராது. நூல் அவ்வளவு மெல்லிசு. 2023இல் ஓர் ஆய்வுக் கட்டுரையால் பரவிய காஸியன் ஸ்பிளாட்டிங் என்ற முறை, உருவத்தைத் திடப்பொருளாகக் கட்டாமல் லட்சக்கணக்கான நிறப் பொட்டுகளாகத் தூவுகிறது. மினுக்கமும் மெல்லிய நூலும் அதில் ஓரளவு கிடைக்கின்றன. பார்க்கத்தான் அழகு. அந்தத் தறிமேல் விளையாட்டின் கதாபாத்திரம் ஏறி நிற்க வேண்டுமானால், திடமான உருவம் ஒன்றைத் தனியே செய்து அடியில் மறைத்து வைக்க வேண்டும். வரும் வருடங்களில் இந்தக் குறை தீரும் என்று எதிர்பார்க்கலாம். குழித்தறிகள் அதுவரை இருக்குமா என்பது வேறு விஷயம்.

செயற்கை நுண்ணறிவிடம் கோடோவுக்கு நிரல் கேட்டால் நொடியில் தரும். பல நேரம் ஓடாது. காரணம் வேடிக்கையானது. கோடோ 3இல் நடமாடும் உருவத்துக்கு கைனமேட்டிக் பாடி என்று பெயர். கோடோ 4இல் அதை கேரக்டர் பாடி என்று மாற்றிவிட்டார்கள். இணையத்தில் கிடக்கும் இரண்டு காலத்துப் பாடங்களையும் சேர்த்து விழுங்கிய இயந்திரம், அந்தக் காலத்துப் பெயரையும் இந்தக் காலத்து வாக்கியத்தையும் பிசைந்து கொடுக்கும். எது எது என்று தெரிந்தவருக்கு அது நல்ல எடுபிடி. தெரியாதவருக்கு நாள் முழுக்கச் சிக்கெடுக்கும் வேலை.

படம் வரையச் சொல்வதில் சிக்கல் இன்னும் ஆழம். உலகின் பெரிய கணினி விளையாட்டுக் கடையான ஸ்டீம், 2024 ஜனவரியிலிருந்து இப்படிச் செய்தவற்றை விற்பனைப் பக்கத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. வாங்குபவர்களில் ஒரு பகுதியினர் அந்த வரியைப் பார்த்ததும் விலகிவிடுகிறார்கள். அதைவிட முக்கியம் உரிமை. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், இயந்திரம் வரைந்த படங்கள் கொண்ட சித்திரக்கதை ஒன்றுக்கு, எழுத்துக்கும் அடுக்கிய முறைக்கும் உரிமை உண்டு, படங்களுக்கு இல்லை என்று முடிவு சொன்னது. பாவும் நம்முடையது, உழைப்பும் நம்முடையது, முந்தானை மட்டும் யாருடையதும் அல்ல என்றால் அந்தச் சேலையை எப்படி விற்பது?

குரலிலும் இதே கதை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு மொழிபெயர்ப்பும் பேச்சும் செய்யும் மாதிரிகளைத் திறந்து வெளியிட்டிருக்கிறது. பெரிய உதவி. ஆனால் இயந்திரக் குரல்கள் பேசும் தமிழ் பெரும்பாலும் செய்தி வாசிப்பவர் தமிழ். ‘வாங்கண்ணா, காப்பி குடிச்சிட்டுப் போலாம்’ என்பதை அவை ஓர் அறிவிப்பு மாதிரி சொல்லும். வீட்டிலிருக்கும் பாட்டியிடம் போனை நீட்டிப் பதிவு செய்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். அமெரிக்காவில் குரல் நடிகர்கள் 2024 ஜூலையிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம், தங்கள் குரலை இயந்திரம் நகலெடுப்பதை எதிர்த்து விளையாட்டு நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தார்கள். பாட்டியிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

நெய்தாயிற்று, விற்க வேண்டும். கூகுள் பிளே கடையில் கணக்குத் திறக்க 25 டாலர், ஒரு தடவை கட்டினால் போதும். 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர்களுக்குப் புது நிபந்தனை ஒன்றும் உண்டு. வெளியிடுவதற்குமுன் 14 நாள் தொடர்ச்சியாக இத்தனை பேர் சோதித்திருக்க வேண்டும் என்கிறார்கள். முதலில் 20 பேர் என்றார்கள், பிறகு 12 ஆகக் குறைத்தார்கள். வெளிநாட்டில் தனியாக அறையில் உட்கார்ந்து செய்பவர்கள் இதற்கு இணையத்தில் ஆள் தேடி அலைகிறார்கள். இங்கே ஓர் அத்தை வீட்டுக் கல்யாணத்தில் பன்னிரண்டு போனையும் பிடித்துவிடலாம். நடுவில் யாரும் நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பாடு.

ஸ்டீமில் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர். ஆயிரம் டாலருக்கு விற்றுவிட்டால் அந்த நூறைத் திருப்பித் தருகிறார்கள். ஒவ்வொரு விற்பனையிலும் 30 விழுக்காடு கடைக்குப் போகும். அமெரிக்கர் வாங்கும் பங்கில் அந்த நாட்டு வரியும் பிடிபடும். இரட்டை வரி ஒப்பந்தப் படிவத்தை நிரப்பினால் அது குறையும்; நிரப்ப மறந்து நொந்தவர்கள் உண்டு. பணத்தைவிடப் பெரிய இடைஞ்சல் கூட்டம். 2024இல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கும் அதிகமான விளையாட்டுகள் வந்தன, நாளுக்கு ஐம்பது வீதம். அதில் தனி ஆளாகக் கரையேறியவர்களும் இருக்கிறார்கள். சீட்டாட்டத்தைத் தலைகீழாக்கிய ‘பலாட்ரோ’ 2024 பிப்ரவரியில் வந்தது. புனைபெயரில் இருக்கும் ஒரே ஒருவர், லவ் என்ற இலவசக் கருவியில் எழுதினார். ஒரு வருடத்துக்குள் 50 லட்சம் பிரதி போனது. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வேலையை விடுவது, லாட்டரியில் ஜெயித்தவரைப் பார்த்துவிட்டு வீட்டை அடகு வைப்பதற்குச் சமம். சம்பளத்துக்கு ஒரு வேலை, ராத்திரியில் ஒரு சின்ன விளையாட்டு, அதை முடித்து வெளியிட்டபின் அடுத்தது என்பதே இந்தத் தொழிலில் நின்றவர்களில் பெரும்பாலோர் வந்த வழி.

சின்னது என்றால் எவ்வளவு சின்னது? ஆடுபுலி ஆட்டம் போதும். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்துமூன்று புள்ளி. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு நாலு பேரை ஆடவிட்டால், எங்கே சலிக்கிறது, எங்கே சண்டை வருகிறது என்று ஒரு மாலையில் தெரிந்துவிடும். ஒரு விதியை மாற்றி மறுபடி ஆடலாம். கணினியைத் தொடுவதற்குமுன் செய்ய வேண்டிய இந்த வேலைக்கு வெளிநாட்டில் காகித மாதிரி என்று பாடமே நடத்துகிறார்கள். பிறகு இரண்டு மூன்று நாளில் ஒரு விளையாட்டைச் செய்து முடிக்கும் போட்டிகள் இருக்கின்றன. லூடம் டேர் என்பது 2002இலிருந்து நடக்கிறது. கோடோவில் செய்து நன்றாக விற்ற ‘டோம் கீப்பர்’ அப்படி ஒரு போட்டியில் முளைத்ததுதான். இந்திய விளையாட்டு உருவாக்குவோர் மாநாடு வழக்கமாக ஹைதராபாத்தில் கூடும். 2025 நவம்பரில் அது சென்னைக்கு வந்தது. சேலத்திலிருந்து ராத்திரி ரயிலேறினால் விடிகாலை சென்னை.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில் இருக்கும் அட்டைக் கட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்குமுன் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஓர் அட்டையைப் படம் எடுத்து, ஓட்டைக்கு ஒன்று, இல்லாததற்குப் பூஜ்யம் என்று வரிசை வரிசையாக எழுதிக் கொடுத்தால், கோடோவில் இருபது வரி நிரல் அதைத் திரையில் மயிலாக்கிவிடும். அந்த மயில் எந்தக் கம்பெனிக்கும் வாடகை கட்ட வேண்டியதில்லை. தாத்தாவோ, டிசைன் போட்ட பக்கத்து வீட்டுக்காரரோ, உரிமை யாருடையது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த மேசைமேல் இரண்டு மடிக்கணினிகள் வைத்திருக்கிறோம். ஒன்றில் ‘சேலம்’ தெரிகிறது, மற்றதில் ‘சலேம்’. இரண்டிலும் ஓடுவது ஒரே ஆடுபுலி ஆட்டம்தான். உடைந்ததைச் சரிசெய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் வரலாம். மற்றவர்கள் புலியாகவோ ஆடாகவோ உட்காருங்கள். டீ வருவதற்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.